சர்வதேச உறவுகள் படிக்க எந்தக் கம்பஸ்?



உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் எமது நலன்புரி அலுவலகத்து வாங்கில் இடம் இருக்காது. முன்பெல்லாம் வருகிற பெற்றோர் "ஐயா, பிள்ளைக்கு கம்பஸ் கெடைக்குமா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "சர்வதேச உறவுகள்னு ஒரு படிப்பு இருக்காமே, அத எங்க படிக்கப் போடுறது நல்லது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் கொழுந்துக் கூடையை வெளியில் இறக்கி வைத்துவிட்டு வந்த அம்மாவாக இருப்பார். பக்கத்தில் மகளோ மகனோ ஒரு வழவழப்பான விளம்பரத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைத்தால் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைத்தேன்.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்ப்போம். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படி நடந்துகொள்கிறது, எதற்காக ஒப்பந்தம் செய்கிறது, எதற்காகச் சண்டை பிடிக்கிறது, ஐக்கிய நாடுகள் சபை போன்ற அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன, வியாபாரத்தில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதையெல்லாம் படிப்பதுதான் சர்வதேச உறவுகள். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் பொருளாதாரம், நிறைய அரசியல் அதில் இருக்கும்.

"அது பெரிய எடத்துப் புள்ளைங்க படிக்கிறதாச்சே" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் ஒரு விசயத்தை ஞாபகப்படுத்துவேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நமது ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். பிறகு 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி டில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று கணக்கெடுத்தார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் பெரியப்பா அக்கரைக்குப் போனதும், அப்பா இங்கேயே நின்றதும் இந்தக் கணக்கில்தான். 1984 இல் தலைமன்னார் கப்பல் நின்றுபோய், போகவேண்டியவர்களும் போக முடியாமல் தங்கி, கடைசியில் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஓய்ந்தது. அந்த 1964 பேச்சுவார்த்தை மேசையில் நமது ஆள் ஒருவர்கூட முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவில்லை. ஆகவே நமது பிள்ளை ஒன்று இந்தப் பாடத்தைப் படிக்க ஆசைப்பட்டால் எனக்கு அது பெரிய இடத்து ஆசையாகத் தெரிவதில்லை.

தேயிலையும் அப்படித்தான். இலங்கை ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்கவேண்டிய 251 மில்லியன் டொலர் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் உடன்படிக்கை செய்தார்கள். நாம் பறிக்கும் கொழுந்து எண்ணெய்க் கடனுக்குப் போகிறது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010 ஓகஸ்டில் போய் 2017 மே மாதம் திரும்பி வந்தது. காமண்டில் வேலை செய்யும் நமது பிள்ளைகளைக் கேட்டால் அந்தப் பெயரை அவர்களும் சொல்வார்கள். இவையெல்லாம்தான் இந்தப் படிப்பின் பாடங்கள்.

சரி, எங்கே படிப்பது?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சர்வதேச உறவுகளுக்கென்றே தனியான துறை இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகம், பாடக் கட்டணம் கிடையாது. தூதரகங்கள், வெளிநாட்டு அமைச்சு, ஐக்கிய நாடுகள் அலுவலகங்கள் எல்லாம் அதே நகரத்தில் இருப்பதால் கூட்டம், கருத்தரங்கு என்று பிள்ளை போய்ப் பார்க்கலாம். ஆனால் இரண்டு விசயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கலைப்பீடத்துக்கு எடுபட்டவுடன் இந்தத் துறை கையில் கிடைத்துவிடாது. முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். மற்றது ஆங்கிலம். இந்தப் பாடத்தின் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நூறு பக்கம் வாசித்து ஐந்து பக்கம் எழுத முடியாத பிள்ளை அங்கே முதல் ஆறு மாதம் தவித்துப் போகும். புத்தி இல்லாமல் அல்ல, மொழி இல்லாமல்.

பேராதனையில் இந்தப் பெயரைத் தேடினால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது அரசறிவியல் துறையை. அரசறிவியல் பட்டத்துக்குள் சர்வதேச அரசியல் ஒரு பெரிய பகுதி. தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்தில் படிக்கலாம். ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பிள்ளைக்கு வீடும் கிட்ட. திருவிழா, தீபாவளி, வீட்டில் ஒரு சுகவீனம் என்றால் பஸ் ஏறி வந்துவிடலாம். இதைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். கம்பஸுக்குப் போய் இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள் பாடம் ஓடாமல் நின்றதை விட, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசில்லாமல் நின்றதுதான் அதிகம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அரசறிவியல் துறை உண்டு. தமிழில் நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு நல்ல இடம். தூரம் ஒன்றுதான் குறை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அரசறிவியல் இருக்கிறது.

இரத்மலானையில் இருக்கும் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் மூலோபாயக் கற்கைகளும் சர்வதேச உறவுகளும் என்று ஒரு பட்டம் இருக்கிறது. இராணுவத்தில் சேராத பிள்ளைகளும் படிக்கலாம், ஆனால் காசு கட்டவேண்டும். படிப்பு ஆங்கிலத்தில். அரசாங்கப் பெயர் இருப்பதால் இலவசம் என்று நினைத்து ஒரு அப்பா விண்ணப்பத்தோடு வந்தார். கட்டண விபரத்தை வாசித்துக் காட்டியதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திறந்த பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் அரசாங்கத்தினுடையதுதான், 1980 இல் தொடங்கியது. ஆனால் கட்டணம் உண்டு. வேலை செய்துகொண்டே சமூக விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துபோன பிள்ளைக்கு, தோட்டப் பாடசாலையில் தொண்டராசிரியராக இருக்கிற பிள்ளைக்கு, இது நல்ல வழி. ஆனால் பின்னால் நின்று சொல்ல ஆளில்லாமல் தானாகப் படிக்கும் பழக்கம் இருக்க வேண்டும்.

விளம்பரத் தாளைப் பற்றி

இனி அந்த வழவழப்பான தாளுக்கு வருவோம். கொழும்பிலும் கண்டியிலும் தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களைப் படிப்பிக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. உதாரணமாக லண்டன் பல்கலைக்கழகம் வெளியூர் மாணவர்களுக்கு நடத்தும் சர்வதேச உறவுகள் பட்டம் உலகம் அறிந்தது. எல்.எஸ்.ஈ. என்கிற புகழ்பெற்ற கல்லூரிதான் அதற்குப் பாடத்திட்டம் கொடுக்கிறது. பட்டத்தில் குறையில்லை. கட்டணம் பவுணில். அதுதான் சங்கடம்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் அது 360 ரூபா. பவுணும் அதே மாதிரித்தான் ஏறியது. இரண்டாம் வருடத்தில் இருந்த ஒரு பிள்ளையின் மிச்சக் கட்டணம், பிள்ளை ஒரு பாடத்திலும் தவறாமலே, இரண்டரை மாதத்துக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிப் போனது. வெளிநாட்டுக் காசில் கட்டுகிற எந்தப் படிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. முதல் வருடக் காசு இருக்கிறது என்று தொடங்கக் கூடாது. கடைசி வருடக் காசு எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்கவேண்டும்.

எமது பக்கத்து மேற்பிரிவில் ஒரு குடும்பம். மகளுக்கு இரண்டு பி, ஒரு சி. பேராதனை கலைப்பீடத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. பதிவு செய்ய இரண்டு கிழமைதான் இருந்தது. அதற்குள் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே ஃபோன் எடுத்து, "பேராதனையில உங்க மகளுக்கு அந்தப் பட்டம் கெடைக்காது, இங்க வந்தா சர்வதேச உறவுகள்னு சேர்ட்டிபிக்கட்லயே இருக்கும், எம்பசியில வேலை" என்று சொல்லியிருக்கிறார். அம்மா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையையெல்லாம் துணியில் முடிந்து, அடகுக் கடைக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்த எம்பசி வேலைய எழுத்தில தருவாங்களான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"இல்லீங்க ஐயா."

"பட்டம் குடுக்கிற பல்கலைக்கழகம் எது?"

மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பட்டம் கொடுக்கிறவர் பெயர் எங்கேயும் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள். உள்நாட்டு நிறுவனம் தானே பட்டம் கொடுப்பதாக இருந்தால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டத்தைக் கொடுக்க அதற்கு அனுமதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். நிறுவனத்து ஆள் வாயால் சொல்வது பதில் அல்ல. அங்கீகாரம் இல்லாத பட்டத்தைக் கொண்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. "டிப்ளோமா", "உயர் டிப்ளோமா" என்பவையும் பட்டம் அல்ல. டிப்ளோமா கூடாது என்று சொல்லவில்லை. கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேச கற்கைகள் நிலையம் நடத்தும் சர்வதேச உறவுகள் டிப்ளோமாவுக்கு நல்ல மதிப்பு உண்டு. வேறு பட்டம் படிக்கிறவர் அதோடு சேர்த்துப் படிப்பதற்கு அது பொருத்தம். பட்டத்துக்குப் பதிலாக அல்ல.

அந்தப் பிள்ளை பேராதனைக்குப் போனாள். நகை வீட்டுக்குத் திரும்பியது. அதில் ஒரு சோடி தோடு மட்டும் முதல் வருடம் அடகுக்குப் போய் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன், சாப்பாட்டுக்கும் ஃபோட்டோ கொப்பிக்கும்.

எம்பசி வேலையைப் பற்றி எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கு ஆள் எடுப்பது போட்டிப் பரீட்சை மூலம். அந்தப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்று வேண்டும். அது சர்வதேச உறவுகளாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அரசறிவியல் படித்தவரும், வரலாறு படித்தவரும், கணக்கியல் படித்தவரும், ஏன், விஞ்ஞானம் படித்தவரும் எழுதுகிறார்கள். வயதெல்லை உண்டு, ஆங்கிலமும் உலக நடப்பும் நன்றாகத் தெரிய வேண்டும். எடுபடுகிறவர்கள் மிகச் சிலர். ஆகவே சேர்ட்டிபிக்கட்டில் இருக்கும் பெயருக்காக வீட்டை அடகு வைப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசறிவியல் பாடசாலையில் ஏ.எல். வகுப்புக்குப் படிப்பிக்கும் பாடம். அதில் பட்டம் எடுத்தவருக்கு ஆசிரியர் நியமனத்துக்கான கதவும் திறந்திருக்கும். இலங்கை நிருவாக சேவைப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சர்வதேச உறவுகள் பாடசாலைப் பாடம் அல்ல. அதைப் படித்தவர் அரச சார்பற்ற நிறுவனம், பத்திரிகை, ஏற்றுமதிக் கம்பனி, ஆராய்ச்சி நிலையம் என்று தேட வேண்டும். அந்த இடங்களில் ஆங்கிலமும் சிங்களமும் பேசத் தெரிந்த, தமிழில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல கிராக்கி. மூன்று மொழியும் தெரிவது நமது பிள்ளைகளுக்குக் கடையிலும் பஸ்ஸிலும் பாதி வந்துவிடும். மிச்சப் பாதியைப் படித்து எடுக்க வேண்டும்.

என்னுடைய அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இசட் புள்ளி கொழும்புக்குப் போதும், ஆங்கிலமும் ஓரளவு கைவசம் இருக்கிறது என்றால், கொழும்பை முதலாவதாகப் போடுங்கள். ஆங்கிலம் பலவீனம் என்றால் பேராதனை அல்லது யாழ்ப்பாணத்தில் அரசறிவியலை நன்றாகப் படித்து, அதற்குள் சர்வதேச அரசியல் பாடங்களைத் தெரிவு செய்து, நல்ல வகுப்புச் சித்தி எடுப்பது மேல். சர்வதேச உறவுகள் என்ற பெயர் வேண்டுமானால் முதுமாணியில் எடுத்துக்கொள்ளலாம். கொழும்பில் அந்த முதுமாணி இருக்கிறது. டில்லியில் சார்க் நாடுகளின் மாணவர்களுக்காக 2010 இல் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்களில், முதல் பட்டத்துக்கு நேரு பெயரிலும் முதுமாணிக்கு மௌலானா ஆசாத் பெயரிலும் திட்டங்கள் உண்டு. இலவசமாகக் கிடைத்த அரசாங்க இடத்தை விட்டுவிட்டு கடன் பட்டுத் தனியாரிடம் போவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அரசாங்க இடம் கிடைக்காத பிள்ளையின் கதை வேறு. அவர்களுக்கு 2017 இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. அரசாங்கம் அங்கீகரித்த பட்டங்களுக்கு மட்டும் அது செல்லும். வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான், பிணை நிற்க ஆளும் தேவை.

விண்ணப்பம் போடும்போது

கலைப்பீடத்துக்கு மூன்று பாடத்திலும் சித்தி வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் ஆகக் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இந்த 30 ஐ விட்டுவிட்டு நல்ல இசட் புள்ளியோடு வீட்டில் இருக்கிற பிள்ளைகளும் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு குறியீடு இருக்கும். அதை விருப்ப வரிசையில் போடவேண்டும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே போட்டவற்றைப் பார்க்க மாட்டார்கள். "சும்மா ஒன்னு போட்டு வைப்போம்" என்று விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்ட பிள்ளைக்கு அதுவே கிடைத்துவிடும். பதிவு செய்தபிறகு மாறுவது இலேசான காரியமல்ல. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்க்கலாம், ஆனால் அது ஒவ்வொரு வருடமும் மாறும். ஆகவே ஆசைப்பட்டதை மேலே போட்டு, கிடைக்கக்கூடியவற்றை அதற்குக் கீழே வரிசையாக எழுதுங்கள்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில். டவுன் கொமியூனிகேஷன் கடையில் போட்டுக் கொடுப்பார்கள், பிழையில்லை. ஆனால் பிள்ளையின் சொந்த ஈமெயிலும் வீட்டு ஃபோன் நம்பரும் கொடுங்கள். கடைக்காரர் தன்னுடைய ஈமெயிலைப் போட்டு, வந்த அறிவித்தல் அவரோடேயே கிடந்து, பதிவுத் திகதி கடந்துபோன சம்பவம் நமது பக்கத்தில் நடந்திருக்கிறது.

மகாபொல புலமைப்பரிசிலுக்கும் மறக்காமல் விண்ணப்பியுங்கள். 1981 இல் தொடங்கிய அது குடும்ப வருமானத்தையும் பிள்ளையின் பெறுபேற்றையும் பார்த்துக் கொடுப்பது. மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத்திட்டத்தில் சொன்னார்கள். அது போர்டிங் காசுக்குக்கூடப் போதாது, இருந்தாலும் கைகொடுக்கும். இந்தியத் தூதரகத்தின் மூலம் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் ஒன்று நாற்பதுகளிலிருந்து நடக்கிறது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதுதான் அதற்கு முதல் தகைமை. ஏ.எல். பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. பத்திரிகை அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பகிடிவதைக்குப் பயந்து பெண்பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் தாய்மாருக்கு: 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். நடந்தால் வாய்மூடி இருக்காமல் விரிவுரையாளரிடமோ பொலிஸிலோ சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கும் அறிவியுங்கள்.

ஏ.எல். எழுதி முடித்து கம்பஸ் தொடங்கும் வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. குடும்பக் கஷ்டம் எனக்குத் தெரியும், அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதட்டும்.

மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. ஒரு பிரதி எமது அலுவலகத்தில் இருக்கிறது, வெளியில் கொடுப்பதில்லை, இங்கேயே இருந்து பார்க்கலாம். சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் பின்னேரம் வாருங்கள். பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டை, யாராவது கொடுத்த விளம்பரத் தாள் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். காசு கட்டுவதற்கு முதல் வாருங்கள்.